சாய்கோடு

பிப்ரவரி. ஹான்காக் நகரத்தில்
வாசற்படியைத் தோண்டித்தான் எடுக்கவேண்டியிருக்கிறது.
நிலவறையில், கொதிகலனுக்கும் சலவை எந்திரத்துக்கும் நடுவே
வெர்னா கிவெலா ஹெட்போனை மாட்டிக்கொள்கிறாள்,
ஒரு காதை மட்டும் வெளியே விட்டு.
கொதிகலன் அணைந்தால் தெரியவேண்டுமே.

ஏழு மணி. எண்பது மீட்டர் அலைவரிசை.
இரைச்சல், மணல் சலிப்பதுபோல.
அதற்கடியில் ஒரு குறில், ஒரு நெடில்.
நெடிலுக்கு இரண்டு மாத்திரை போதும் என்பது நம் கணக்கு.
இவர்கள் மூன்று கொடுக்கிறார்கள்.
ஒவ்வொரு நெடிலும் அளபெடை;
அக்கரையில் நிற்பவரைக் கூப்பிடும் நீட்டல்.

உண்மையில் அக்கரைதான்.
ஏரிக்கு அந்தப் பக்கம், ஒன்டாரியோவில், ஓர்வில் டுகெட்.
முகம் பார்த்ததில்லை. கை தெரியும்.
'ஒய்' எழுத்தின் கடைசிக் கோட்டை
கூடுதலாக அழுத்துவார்,
மேசையில் ஊன்றி எழுந்திருப்பவர்போல.

செய்தி ஒன்று இருக்கிறது என்கிறார்.
எண் நாற்பத்தேழு. சொற்கள் பன்னிரண்டு.
அனுப்புபவர் ரெய்னோ சாரி, தொலைபேசி எட்டாத ஒரு தீவுக் குடிசை.
பெறுபவர் மார்லிஸ் சாரி, இஷ்பெமிங்.

எழுதும்போது பொருள் பார்க்கக்கூடாது.
பார்த்தால் அடுத்த எழுத்து கைநழுவும்.
ஆகவே வெர்னா பார்க்கவில்லை:

படகு விற்றாயிற்று
நாய் என்னோடுதான் இருக்கிறது
சாவி பழைய இடத்தில்
பனி கரைந்ததும் வா

பென்சில் முனையால் ஒவ்வொன்றாகக் குத்தி எண்ணினாள்.
பதினொன்று.
திரும்பவும். பதினொன்று.

எண்ணிக்கை சரியா என்று கேட்டாள்.
பன்னிரண்டு என்றார்.
முழுதும் மறுபடி அனுப்பினார், மெதுவாக,
குழந்தைக்குச் சோறு ஊட்டும் வேகத்தில்.
நெப்ராஸ்காவில் ஒருவர் பிறந்தநாள் வாழ்த்தோடு காத்திருந்தார்.
இன்னொருவர் கையில் ஆற்று நீர்மட்டம்.
பொறுமை போன யாரோ ஒருமுறை சாவியைத் தட்டிவிட்டு நிறுத்தினார்.

பதினொன்றுதான்.

பிறகு ஓர்வில்: என் தாளிலும் பதினொன்றே இருக்கிறது.
இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன்.
பனிவண்டியில் வந்து கொடுத்துவிட்டுப் போனான்.
பன்னிரண்டு என்று போட்டது அவன் கை.

விதி எளிது.
ஒரு சொல் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது.
எண்ணிக்கை பிசகினால் இரண்டு எண்களுமே போகவேண்டும்:
பன்னிரண்டு, சாய்கோடு, பதினொன்று.
வெர்னா அந்தக் கோட்டைப் போட்டாள்.
விடைபெறும்போது அவர் ஒரு குறில், இவள் ஒரு குறில்.
அதை யாரும் எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

இஷ்பெமிங்கில் மணி அடித்தது.
தொலைக்காட்சிச் சத்தத்தை யாரோ குறைத்தார்கள்.
வெர்னா வாசித்தாள், அஞ்சல் எடை சொல்லும் குரலில்.

அவ்வளவுதானா?

செய்தி அதோடு முடிகிறது. கடமையும்.
எண்ணை வாசிக்கவேண்டும் என்று எங்கும் எழுதவில்லை.
"பன்னிரண்டு சொல் என்று போட்டிருக்கிறார்," என்றாள் வெர்னா,
"வந்தது பதினொன்று."

அந்தப் பக்கம் மூன்று மாத்திரை போயிற்று.
முப்பதும் போயிற்று.

"அவனுக்கு எண்ண வராது," என்றாள் மார்லிஸ்.
"மீனை எண்ணத் தெரியாமல்தான் படகு கடனில் போனது."
பிறகு:
"அந்த ஒன்று எங்கே வரும்?
முதலிலா, கடைசியிலா?"

தெரியாது என்றாள் வெர்னா. உண்மை அதுதான்.
பதில் ஏதாவது உண்டா என்று கேட்டாள், வழக்கப்படி.
"இரு. எண்ணிச் சொல்கிறேன்."

கொதிகலன் அணைந்தது. எழுந்து போய்ப் பார்க்கவேண்டும்.
தொலைபேசி காதில். வெற்றுப் படிவம் முழங்கால்மேல்.
இஷ்பெமிங்கில் ஒரு பெண்
முணுமுணுத்து எண்ணுகிறாள், நிறுத்துகிறாள்,
முதலிலிருந்து தொடங்குகிறாள்.